கல்லிலும் மண்ணிலும் கதிர்வீச்சு: வட சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட சென்னையில் கல்குவாரி கிடையாது. ஆனால் கல் வந்து இறங்காத நாளும் கிடையாது. மாதவரம் வழியாக வரும் ஜல்லி லாரிகள், தெருமுனையில் கொட்டிக் கிடக்கும் எம்-சாண்ட், காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலரிப்புக்குப் போட்ட பாறைகள், கிரானைட் அறுக்கும் பட்டறைகள், அனல் மின் நிலையச் சாம்பலில் செய்த செங்கல் என்று எங்கள் பக்கம் முழுக்கக் கல்லும் அதன் தூளும்தான். "குவாரிக் கல்லில் கதிர்வீச்சு இருக்கிறது, வீட்டில் போட்டால் கேன்சர் வரும்" என்ற பேச்சு அவ்வப்போது கிளம்பும். அப்போதெல்லாம் இயற்பியல் வாத்தியார் என்ற முறையில் என்னிடம் வந்து கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கல்லில் கதிர்வீச்சு இருப்பது உண்மையா, புரளியா?

உண்மைதான். பூமி உருவான நாளிலிருந்தே அதில் மூன்று கதிரியக்கப் பொருள்கள் கலந்திருக்கின்றன. யுரேனியம்-238, தோரியம்-232, பொட்டாசியம்-40. யுரேனியம் பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். தோரியத்துக்கு சுமார் 1,400 கோடி ஆண்டுகள், பொட்டாசியத்துக்கு 125 கோடி. அதனால் இன்னும் தீரவில்லை, நம் காலத்தில் தீரப்போவதும் இல்லை.

உலகத்து மண்ணை எல்லாம் சராசரி பார்த்தால், ஒரு கிலோ மண்ணில் யுரேனியம் சுமார் 33 பெக்கரல், தோரியம் 45 பெக்கரல், பொட்டாசியம்-40 சுமார் 420 பெக்கரல் இருக்கும். பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணு சிதைகிறது என்று பொருள். எண் பெரிதாகத் தெரிகிறதே என்று பதற வேண்டாம். வளர்ந்த ஒருவரின் உடம்பிலேயே பொட்டாசியம்-40 மட்டும் சுமார் 4,000 பெக்கரல் இருக்கிறது. சாப்பாட்டில் பொட்டாசியம் இருக்கிறவரை அது இருக்கத்தான் செய்யும்.

சீவர்ட் என்று வேறொன்று சொல்கிறார்களே?

பெக்கரல், பொருளில் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லும். அது நம் உடம்பை எவ்வளவு பாதிக்கும் என்பதைச் சொல்வது சீவர்ட். அது பெரிய அளவு என்பதால் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிசீவர்ட்டில்தான் பேசுவோம். மண், வானம், மூச்சுக்காற்று, சாப்பாடு எல்லாவற்றிலிருந்தும் சேர்த்து உலகத்தில் ஒரு மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வருகிறது. அதில் பாதிக்கு மேல் ரேடான் என்ற வாயுவால் வருவது. அதற்குத் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

எந்தக் கல்லில் அதிகம்?

சிவப்பு, ரோஸ் நிறக் கிரானைட்டில் பொதுவாக அதிகம். பாறைக் குழம்பு ஆறி இறுகும்போது யுரேனியமும் தோரியமும் மற்ற கனிமங்களில் எளிதில் இடம் பிடிக்காது, கடைசிவரை குழம்பிலேயே தங்கும். கடைசியாக உறையும் பகுதிதான் இந்த வெளிர்நிறக் கிரானைட். அந்த ரோஸ் நிறத்தைத் தரும் ஃபெல்ஸ்பாரிலேயே பொட்டாசியம் நிறைய உண்டு.

கடையில் 'கருப்பு கிரானைட்' என்று விற்பது உண்மையில் வேறு வகைப் பாறை. அதில் மிகக் குறைவு. கடப்பா கல் சுண்ணாம்பு வகை என்பதால் அதிலும் குறைவு.

நம் ஊருக்கென்று ஒரு பாறை உண்டு, சார்னகைட். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். கல்கத்தா நகரை நிறுவியவராகச் சொல்லப்படும் ஆங்கிலேயர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தக் கல்லைத்தான் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். பல்லாவரத்தில் அந்தப் பாறை இருக்கும் இடம் இன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். பூமிக்குள் வெகு ஆழத்தில், மிகுந்த சூட்டில் உருமாறிய பாறை இது. அந்தச் சூட்டில் யுரேனியத்தில் ஒரு பங்கு வெளியேறிவிடும். ஆகவே சார்னகைட் ஜல்லியில் பொதுவாகக் கிரானைட்டை விடக் கதிர் குறைவு.

செங்குன்றம் பக்கத்துச் செம்மண் வேறு மாதிரி. மழை யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டு போகும், தோரியம் கரையாமல் மண்ணிலேயே நிற்கும். அதனால் செம்பாறை மண்ணில் யுரேனியத்தை விடத் தோரியம் தூக்கலாக இருப்பது வழக்கம்.

என் தம்பி குவாரியில் வேலை பார்க்கிறான். அவனுக்கு எவ்வளவு கதிர் படும்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பாறையில் கிலோவுக்கு ரேடியம் (யுரேனியம் சிதைந்து உண்டாவது) 30, தோரியம் 60, பொட்டாசியம் 900 பெக்கரல் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் உலகச் சராசரியை விடக் கொஞ்சம் தாராளமாகவே எடுத்திருக்கிறேன். அந்தப் பாறைமேல் நிற்கிறவருக்கு மணிக்கு சுமார் 88 நானோகிரே கதிர் படும் (கிரே என்பது ஒரு பொருள் உள்வாங்கும் கதிரின் அளவு, நானோ என்றால் அதில் நூறு கோடியில் ஒரு பங்கு). ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றால் 2,400 மணி நேரம். இரண்டையும் பெருக்கி, சீவர்ட்டாக மாற்ற 0.7ஆலும் பெருக்கினால் ஆண்டுக்கு சுமார் 0.15 மில்லிசீவர்ட் வருகிறது. குவாரிப் பள்ளத்தில் நாலு பக்கமும் பாறைச் சுவர் இருக்குமே என்று அதை இரட்டிப்பாக்கினாலும் 0.3தான்.

இதையே 30 ஆண்டு நீட்டினால் 9 மில்லிசீவர்ட். சீவர்ட் ஒன்றுக்கு ஏறக்குறைய 5 சதவீதம் புற்றுநோய் அபாயம் கூடுகிறது என்பது பாதுகாப்புக்காக உலகம் முழுக்கப் பின்பற்றும் கணக்கு. அதன்படி இப்படி வேலை செய்த ஒரு லட்சம் பேரில் 45 பேருக்குக் கூடுதலாக வரலாம். இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு புற்றுநோய் வரும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதாவது லட்சத்தில் 11,000 பேர். இந்த 45 அதில் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நேரே படும் கதிருக்காக உங்கள் தம்பி வேலையை விட வேண்டியதில்லை.

அப்படியென்றால் குவாரி வேலை ஆபத்தில்லை என்கிறீர்களா?

இல்லவே இல்லை. ஆபத்து இருக்கிறது, அது தூசியில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கல்லில் குவார்ட்ஸ் என்ற பளிங்குத் துகள் உண்டு. கிரானைட்டில் அதுவே கால் பங்குக்கு மேல் இருக்கும். கல்லை உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளை போடும்போதும் அது கண்ணுக்குத் தெரியாத பொடியாகிறது. நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் பருமன். 5 மைக்ரானுக்குக் கீழே உள்ள பொடி மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடும். போனது கரையாது. அதை அழிக்கப் போகும் செல்கள் செத்துப்போகின்றன, அந்த இடம் தழும்பாகிறது. தழும்பு பெருகப் பெருக மூச்சு குறைகிறது. இதுதான் சிலிகோசிஸ். இதைக் குணமாக்க மருந்து கிடையாது. தூசியை விட்டு விலகிய பிறகும் நோய் வளரக்கூடும்.

மேலே சொன்ன அதே தம்பியை எடுத்துக்கொள்வோம். அவர் மூச்சு விடும் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 1 மில்லிகிராம் நுண்தூசி, அதில் 30 சதவீதம் குவார்ட்ஸ். மணிக்கு ஒரு கன மீட்டர் காற்றை உள்ளே இழுத்தால் 2,400 மணி நேரத்தில் 2.4 கிராம் தூசி, அதில் 700 மில்லிகிராமுக்கு மேல் குவார்ட்ஸ். எல்லாமே தங்காது, ஆனால் தங்குவதே போதும். அமெரிக்காவில் 2016இல் கொண்டுவந்த வரம்பு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம் குவார்ட்ஸ். இவர் சுவாசிப்பது அதைப்போல ஆறு மடங்கு.

அந்த 2.4 கிராம் தூசியில் இருக்கும் தோரியம் எவ்வளவு என்றும் பாருங்கள். 0.14 பெக்கரல். அதோடு யுரேனியத்தையும் இரண்டும் சிதைந்து உண்டாகும் பொருள்களையும் சேர்த்தாலும், வரும் கதிரளவு ஒரு மில்லிசீவர்ட்டில் நூறில் ஒரு பங்கு அளவில்தான் நிற்கும். ஒரே தூசிதான். அதன் கதிரைப் பற்றி ஊரே பேசுகிறது, அதன் குவார்ட்ஸைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் ஆதங்கமே இதுதான்.

குவார்ட்ஸ் தூசி புற்றுநோயும் உண்டாக்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997இலேயே அதை முதல் பிரிவில், சந்தேகத்துக்கு இடமில்லாத காரணிகளின் வரிசையில் சேர்த்துவிட்டது. சிலிகோசிஸ் வந்தவருக்குக் காசநோய் சுலபமாகத் தொற்றும். எக்ஸ்-ரேயில் இரண்டும் ஒன்று போலத் தெரிவதால், காசநோய் என்றே மருந்து கொடுத்துக்கொண்டு இருந்துவிடுவதும் நடக்கிறது.

எங்கள் வீட்டுக்காரர் கிரானைட் பட்டறையில் கல் அறுக்கிறார். துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறார். போதாதா?

போதாதும்மா. நம் பக்கத்துப் பட்டறைகளில் நான் கவனித்ததைச் சொல்கிறேன். பெரிய பலகையை அறுக்கும் மெஷினில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், அங்கே சேறுதான் வழியும், தூசி பறக்காது. சிக்கல் கை கிரைண்டரில் வருகிறது. சிங்க் வைக்க ஓட்டை எடுப்பது, விளிம்பை உருட்டுவது, படிக்கட்டுக் கல்லில் கோடு போடுவது எல்லாம் தண்ணீர் இல்லாமல்தான் நடக்கும். ஒரு நிமிடத்தில் எதிரே நிற்கிறவர் முகம் மறைந்துவிடும். அறுக்கிறவரின் புருவமும் கண்ணிமையும் வெள்ளையாகிவிடும். துண்டை அவிழ்த்து உதறும்போது மூக்குக்கு நேரே இருந்த உள்பக்கமும் வெளுத்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற பொடியே துண்டைத் தாண்டியிருக்கிறது என்றால் தெரியாத பொடி எவ்வளவு போயிருக்கும்.

செய்ய வேண்டியது மூன்று. முதலில் தண்ணீர். ஒரு கேனில் தண்ணீர் நிரப்பி, மெல்லிய குழாய் வழியாகப் பிளேடின்மேல் சொட்டவிட்டாலே தூசியில் பெரும்பகுதி அடங்கிவிடும். தண்ணீர் விடுவதற்கென்று உள்ள கட்டர்தான் வேண்டும், சாதாரண கிரைண்டரில் ஊற்றினால் ஷாக் அடிக்கும். அடுத்தது என்-95 மாஸ்க், முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும், இடைவெளி விட்டால் பயனில்லை. மூன்றாவது, வேலைத் துணியோடு வீட்டுக்குள் வரக் கூடாது. பட்டறையிலேயே மாற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். அந்தச் சட்டையை உதறித் துவைப்பது நீங்கள்தான், குழந்தையும் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கும்.

ரேடான் என்றால் என்ன? வீட்டுக்குள் வருமா?

யுரேனியம் சிதைந்து சிதைந்து ரேடியமாகிறது, ரேடியம் சிதைந்து ரேடான் என்ற வாயுவாகிறது. நிறம், மணம், சுவை எதுவும் கிடையாது. கல்லில் இருக்கும் யுரேனியம் கல்லோடு கிடக்கும், ரேடான் வாயு என்பதால் கிளம்பிக் காற்றில் கலந்துவிடும். 3.8 நாளில் அது பாதியாகும். சிதையும்போது உண்டாகும் பொலோனியம் தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலுக்குள் போய், அங்கே ஆல்பா கதிரை வீசும். ஆல்பா கதிரை நம் மேல்தோலே தடுத்துவிடும், ஆனால் நுரையீரலின் உள்ளே அப்படிக் காக்கும் தோல் கிடையாது.

இது பழைய கதை. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளிகள் நெஞ்சு நோயில் செத்துக்கொண்டிருந்தார்கள். அது நுரையீரலில் வரும் புற்றுக்கட்டி என்று 1879இல் இரண்டு மருத்துவர்கள் கண்டு சொன்னார்கள். அதற்குக் காரணம் ரேடான் என்பது பின்னாளில் தெளிவானது. 1988இல் ரேடானும் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்ந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2009 ஆவணப்படி, நுரையீரல் புற்றுநோயில் 3 முதல் 14 சதவீதம் வரை ரேடானால் வருவது, நாட்டுக்கு நாடு மாறும். கன மீட்டருக்கு 100 பெக்கரல் கூடினால் அபாயம் சுமார் 16 சதவீதம் கூடும். வீட்டில் 100க்குள் இருந்தால் நல்லது, எப்படியும் 300ஐத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் பரிந்துரை. வெளிக்காற்றில் 5 முதல் 15 வரைதான் இருக்கும்.

ஷ்னீபெர்க் மூடிய சுரங்கம். நம் குவாரிகள் வானம் பார்த்த பள்ளங்கள், காற்று அடித்துக்கொண்டு போய்விடும். வீட்டிலும் அதே விதிதான். குளிருக்காக மாதக் கணக்கில் மூடி வைக்கிற நாடுகளில் ரேடான் சேரும். சென்னையில் ஜன்னல் திறந்த வீட்டில் சேராது.

ஆனால் நம் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் ஜன்னல் இருக்கிறதா? வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் சந்துக்குள் சந்தாக, முன்கதவு ஒன்றுதான் காற்றுக்கு வழி என்று இருக்கும் தரைத்தள வீடுகள் எத்தனையோ. ஜன்னலே இல்லாத அறையில் ஏசி போட்டுத் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வது: காலையிலும் மாலையிலும் கதவைத் திறந்து வையுங்கள், ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள், தரையில் விரிசல் இருந்தால் சிமென்ட் பூசி அடையுங்கள். இது அடுப்புப் புகைக்கும் காசநோய்க்கும் சேர்த்து நல்லது.

இன்னொன்று. ரேடான் இருக்கும் இடத்தில் சிகரெட் பிடிக்கிறவருக்கு, பிடிக்காதவரைப்போல 25 மடங்கு அபாயம் என்கிறது அதே நிறுவனம். கதிரைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே பீடி பற்ற வைக்கிறவர்களிடம் இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. புகையிலையில் பொலோனியமும் இருக்கிறது.

கிச்சன் மேடைக்கு கிரானைட் போடலாமா?

தாராளமாகப் போடலாம். மனசு கேட்கவில்லை என்றால் கருப்பு கிரானைட் போடுங்கள்.

எம்-சாண்டில் கட்டிய வீடு?

எம்-சாண்ட் என்பது அதே பாறையின் தூள். அரைத்ததால் கதிர் கூடிவிடாது. கட்டுமானப் பொருளுக்கு உலகம் முழுக்க ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தோரியத்தை 1.43ஆலும் பொட்டாசியத்தை 0.077ஆலும் பெருக்கி, ரேடியத்தோடு கூட்ட வேண்டும். விடை கிலோவுக்கு 370 பெக்கரலைத் தாண்டக் கூடாது. நாம் தாராளமாக எடுத்த பாறைக்கு 185 வருகிறது, வரம்பில் பாதி. எம்-சாண்டில் பார்க்க வேண்டியது கழுவிய மணலா, குவாரித் தூசியைக் கலந்து ஏமாற்றுகிறார்களா என்பதுதான். அது வீட்டின் பலத்தைப் பற்றிய விஷயம்.

கேரளக் கடற்கரையில் இதைவிட அதிகம் என்கிறார்களே, அங்கே என்ன ஆயிற்று?

கொல்லம் மாவட்டம் சவரா, கருநாகப்பள்ளி பக்கம் மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம் 8 முதல் 10 சதவீதம். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியும் அப்படித்தான். கருநாகப்பள்ளியில் சில இடங்களில் வெளிப்புறக் கதிர் ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை போகிறது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் அங்கே சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுக்கு மேல் கண்காணித்தது. 2009இல் முடிவு வெளியானது. மண்ணின் காமா கதிர் கூடக் கூடப் புற்றுநோயும் கூடுகிறது என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. இதனால் கதிர் நல்லது என்று ஆகிவிடாது. ஆனால் அதைவிடப் பல மடங்கு குறைவான நம் ஜல்லிக்குப் பயந்து தூக்கம் கெட வேண்டாம் என்று சொல்ல இது போதும்.

எண்ணூர் கடற்கரையில் கருப்பு மணல் கோடு கோடாக இருக்கிறதே?

அது பெரும்பாலும் இல்மனைட், மேக்னடைட் போன்ற கனமான கனிமங்கள். அலை இலேசான மணலை அடித்துக்கொண்டு போக, கனமானது கோடாக நிற்கிறது. காந்தத்தைக் காட்டினால் கொஞ்சம் ஒட்டும். துளி மோனசைட்டும் கலந்திருக்கலாம். கல்பாக்கம் கடற்கரையில் அப்படித் திட்டுத் திட்டாக உண்டு, அணுமின் நிலையத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிள்ளைகள் அதில் விளையாடலாம்.

கடலுக்குப் போட்ட பாறைமேல் தினமும் உட்கார்ந்து வலை சரி பண்ணுகிறோம்.

உட்காருங்கள். வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அலை வாங்கும் பாறையில் பாசி இருக்கும்.

அனல் மின் நிலையச் சாம்பலில் கதிர்வீச்சு உண்டா?

உண்டு, கல்லைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கலாம். நிலக்கரியில் யுரேனியமும் தோரியமும் சொற்பமாக இருக்கும். எரிக்கும்போது கரி போய்விடும், இவை சாம்பலில் தங்கிவிடும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அப்படியானால் கரியில் இருந்ததைப்போல மூன்று மடங்கு அடர்த்தி சாம்பலில் வரும். சாதாரண மண்ணோடு ஒப்பிட்டால் இரண்டு, மூன்று மடங்கு என்ற அளவில் இருக்கும்.

சாம்பல் செங்கல்லில் வீடு கட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு, கட்டலாம். சாம்பல் துகள் மின் நிலையத்தின் உலையிலேயே உருகிக் கண்ணாடி உருண்டையாகிவிடுவதால் ரேடான் எளிதில் வெளியே வராது. நாம் வாங்கும் பி.பி.சி. சிமென்ட்டிலேயே 15 முதல் 35 சதவீதம் வரை இந்தச் சாம்பல்தான்.

பறக்கும் சாம்பல் வேறு விஷயம், அங்கே என் பதில் கடுமையாகத்தான் இருக்கும். எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அத்திப்பட்டும் வல்லூரும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சாம்பல் குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்ததை அங்கே இறால் தடவும் மக்கள் காலால் மிதித்தே உணர்ந்திருக்கிறார்கள். காற்றடி காலத்தில் மொட்டைமாடியில் காயும் துணியில் விரலை வைத்துத் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் நறநறக்கும். அந்தத் தூசியில் ஆர்சனிக், ஈயம், குரோமியம் இருக்கும், குவார்ட்ஸும் இருக்கும். கதிர்வீச்சு இந்தப் பட்டியலில் கடைசியில்தான் வரும். சாம்பலை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும், லாரியைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், கசியும் குழாயை மாற்ற வேண்டும். இவற்றைக் கேட்டு மனு கொடுக்கும்போது 'கதிர்வீச்சு' என்று எழுதாதீர்கள். அளந்து பார்த்து வரம்புக்குள் இருக்கிறது என்று ஒரே வரியில் மூடிவிடுவார்கள். நுண்துகள், ஆர்சனிக், ஈயம் என்று எழுதுங்கள்.

உர ஆலை ஜிப்சம்?

பாஸ்பேட் பாறையிலிருந்து உரம் எடுத்தபின் மிஞ்சும் ஜிப்சத்தில் ரேடியம் தங்கும். கட்டுமானத்துக்குப் பயன்படுத்த கிலோவுக்கு 1,000 பெக்கரல் ரேடியம்தான் வரம்பு என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கிறது. குவியலிலிருந்து சும்மா கிடைக்கிறதே என்று வீட்டுத் தரைக்கு நிரப்ப வேண்டாம்.

கல்குட்டைத் தண்ணீரையும் போர் தண்ணீரையும் குடிக்கலாமா?

2019 வறட்சியில் மாங்காடு பக்கம் சிக்கராயபுரத்துக் கல்குட்டைத் தண்ணீரைச் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்தார்கள். அப்படிச் சோதித்துச் சுத்தம் செய்து வருவதைக் குடிக்கலாம். லாரிக்காரர் குட்டையில் மோட்டார் போட்டு நேரே நிரப்பிக்கொண்டு வருவதைக் குடிக்கக் கூடாது. காரணம் கதிர் இல்லை, கிருமியும் வெடிமருந்து மிச்சமான நைட்ரேட்டும்தான்.

கடின பாறையில் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் யுரேனியம் கரைந்திருக்கலாம். லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 60 வரை என்கிறது. அது கதிரை விட, ரசாயனமாகச் சிறுநீரகத்தைத்தான் முதலில் பாதிக்கும். ஆர்.ஓ. மெஷின் பெரும்பகுதியை எடுத்துவிடும். ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் நம் போர் பெரும்பாலும் மணலிலும் களிமண்ணிலும் நிற்கிறது, அங்கே தொல்லை உப்பு.

கல்குட்டையில் குளிக்கப் போகும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. படிப்படியாக ஆழமாகாது, ஓர் அடி தள்ளினால் ஐம்பது அடி. குட்டையில் பிள்ளைகள் சாவது கதிரால் இல்லை, மூழ்கித்தான். போகவிடாதீர்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். வீட்டு வாசலில் ஜல்லி கொட்டியிருக்கிறார்கள்.

கருவுக்குக் கெடுதல் என்று பேசத் தொடங்குவதே சுமார் 100 மில்லிசீவர்ட்டில். ஜல்லிக் குவியல் ஆண்டு முழுக்க அங்கேயே கிடந்தாலும் ஒன்றைக்கூட எட்டாது. தூசி கிளம்பாமல் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள், போதும்.

ஆன்லைனில் மீட்டர் வாங்கி நாமே அளக்கலாமா?

வாங்கலாம், ஆனால் அது சொல்வதைப் புரிந்துகொண்டு வாங்குங்கள். அந்த மீட்டர் மணிக்கு 0.1, 0.2 மைக்ரோசீவர்ட் என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அது இயல்பு. கல்லில் எது எவ்வளவு என்று அதற்குத் தெரியாது, ரேடானையும் அளக்காது.

முறையான சோதனை நிதானமானது. கல்லைப் பொடித்து, காயவைத்து, சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து நாலு வாரம் வைத்துவிடுவார்கள். உள்ளே ரேடானும் அது சிதைந்து உண்டாகும் பொருள்களும் ரேடியத்தோடு சமநிலைக்கு வர அவ்வளவு நாள் வேண்டும். அப்புறம் ஈயக் கவசத்துக்குள் வைத்து மணிக்கணக்கில் எண்ணுவார்கள். ஒவ்வொரு பொருளின் கதிருக்கும் ஓர் ஆற்றல் உண்டு, 1461 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒரு முகடு எழுந்தால் பொட்டாசியம், 1764இல் யுரேனியத் தொடர், 2614இல் தோரியத் தொடர். கதிரை ஆற்றல்வாரியாகப் பிரித்து எண்ணும் இந்தக் கருவியை, அதாவது காமா நிறமாலைமானியை, வைத்திருக்கும் பல்கலைக்கழக இயற்பியல் துறைகளில் இதைச் செய்கிறார்கள். ஒரே நாளில் சர்டிபிகேட் தருகிறேன் என்று யாராவது சொன்னால் இந்த நாலு வாரத்தைப் பற்றிக் கேளுங்கள்.

பத்து வருஷமாகக் கல் வேலை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எங்கே போவது?

ஸ்டான்லி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கோ ஓட்டேரி நெஞ்சக மருத்துவமனைக்கோ போங்கள். போனதும் முதல் வார்த்தையாக "நான் கல் அறுக்கிறவன், இத்தனை வருஷமாக" என்று சொல்லுங்கள். இருமல் என்று மட்டும் சொன்னால் மருத்துவர் காசநோயை மட்டும் நினைக்கக்கூடும். எக்ஸ்-ரேயோடு மூச்சின் அளவைப் பார்க்கும் ஊதும் சோதனையும் சளிச் சோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். பழைய எக்ஸ்-ரே இருந்தால் தூக்கிப் போடாமல் கொண்டுபோங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தழும்பு வளர்கிறதா என்று தெரியும்.

சிலிகோசிஸ் என்று எழுதிக் கொடுத்தால் அது தொழிலால் வந்த நோய். முன்பு 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்தது, 2025 நவம்பரிலிருந்து அதன் இடத்தில் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையிலும் இருக்கிறது, இழப்பீடு கேட்க உரிமை உண்டு. ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அந்த வழியாகக் கேட்கலாம். குவாரி என்பது சட்டப்படி சுரங்கம், அங்கே வேலைக்குச் சேரும்போதும் பிறகு குறிப்பிட்ட கால இடைவெளியிலும் முதலாளி செலவில் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். பட்டறையில் தினக்கூலிக்கு வேலை செய்கிறவருக்குச் சம்பளச் சீட்டே இருக்காது. அவர்கள் இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எந்தத் தேதியில் எந்தப் பட்டறையில் வேலை, கூலி எவ்வளவு, கூட யார் என்று எழுதி வையுங்கள். கூலி ஜி-பேயில் வந்தால் அந்தப் பதிவை அழிக்காதீர்கள். கேஸ் என்று வரும்போது முதலில் கேட்பது இதைத்தான்.